பல பொறிகளில் ஒரே கணக்கு

ஒரு கிராமத்தின் நல்வாழ்வு அதன் வயலையும் வாய்க்காலையும் மட்டும் பொறுத்ததன்று. அதன் கணக்கையும் பொறுத்ததாகும். இன்னாருக்கு இவ்வளவு நிலம், இன்ன குடும்பத்திற்கு இத்தனை கிலோ அரிசி, இன்ன வீட்டிற்கு இவ்வளவு வரி என்பனவெல்லாம் எங்கேனும் ஓரிடத்தில் முறையாக எழுதப்பட்டிருப்பதனாலேயே நிலைபெறுகின்றன. முன்னாளில் இவை ஏடுகளில் எழுதப்பட்டன. இன்று கணிப்பொறிகளில் எழுதப்படுகின்றன. அவ்வாறு கணிப்பொறியில் ஒழுங்குபடுத்தி வைக்கப்படும் பதிவுகளின் தொகுதிக்குத் தரவுத்தளம் என்று பெயர்.

இத்தகைய தரவுத்தளம் பெரும்பாலும் ஒரே பொறியில் மட்டும் இருப்பதில்லை. தலைமையிடத்தில் ஒரு பொறி, அதற்குத் தொலைவில் காப்பிற்காக மற்றொரு பொறி, மக்கள் வந்து செல்லும் இடத்தில் ஒரு சிறு கருவி என ஒரே பதிவின் படிகள் பல இடங்களில் இருக்கின்றன. இப்படிகள் அனைத்தும் எப்பொழுதும் ஒன்றையே கூறவேண்டும். ஒன்று ஒருவிதமாகவும் மற்றொன்று வேறுவிதமாகவும் கூறத் தொடங்கினால், அதன் துன்பம் பொறிக்கு இல்லை; பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகத்திற்கு அலுவலகம் நடக்கும் உழவருக்கே ஆகும். ஆகவே, தனித்தனிப் பொறிகளில் உள்ள கணக்குகள் எவ்வாறு ஒத்திசைந்து நிற்கின்றன, எப்பொழுது பிறழ்கின்றன, நாம் கவனிக்கவேண்டியது யாது என்பவற்றை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் நலம்.

பல படிகள் ஏன்?

ஒரே படியோடு நிறுத்திக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று சிலர் கேட்கலாம். பல படிகள் வைப்பதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, பாதுகாப்பு. வெள்ளத்திலோ தீயிலோ மின்பழுதிலோ ஒரு பொறி அழிந்தால், அதனோடு ஊர்க் கணக்கும் அழிந்துவிடலாகாது. இரண்டாவது, தொடர்பு. தலைமையிடத்திற்குச் செல்லும் இணைப்பு அறுந்துபோன வேளையிலும் கடையில் பொருள் வழங்கவேண்டியிருக்கும். மூன்றாவது, சுமை. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே பதிவைக் கேட்கின்றனர். ஒரு பொறியால் இயலாததைப் பத்துப் பொறிகள் பகிர்ந்து செய்கின்றன.

எனவே படிகள் வேண்டியவையே. படிகளின் எண்ணிக்கை கூடும்பொழுது அவற்றை ஒன்றுபடுத்தி வைக்கும் பொறுப்பும் கூடுகிறது.

ஜமாபந்தி காட்டும் வழி

இது நமக்குப் புதிய செய்தியன்று. கிராமக் கணக்கு எண் 2 ஆகிய அடங்கலும், எண் 10 ஆகிய சிட்டாவும் கிராமத்தில் எழுதப்பட்டுவந்தன. வட்ட அலுவலகத்திலும் அவற்றிற்குத் தொடர்பான பதிவேடுகள் இருந்தன. ஜூலை முதல் நாள் தொடங்கி மறு ஆண்டு ஜூன் 30 இல் முடியும் பசலி ஒவ்வொன்றிற்கும், ஜமாபந்தி என்னும் வருவாய்த் தீர்வாயத்தில், கிராமக் கணக்குகள் வட்டத்திற்குக் கொண்டுவரப்பட்டு, உயர் அலுவலர் முன்னிலையில் ஒப்புநோக்கப்பட்டு, வேறுபாடு நீக்கப்பட்டுக் கையொப்பம் பெறும் முறை நெடுங்காலமாக இருந்துவருகிறது.

இம்முறையில் மூன்று கூறுகள் அடங்கியுள்ளன. ஒப்பிடுவதற்கு ஒரு காலம் குறிக்கப்பட்டுள்ளது. வேறுபாடு கண்டுபிடிக்க ஒரு வழி உள்ளது. வேறுபட்டால் யாருடைய சொல் முடிவானது என்பதும் முன்னரே தீர்மானிக்கப்பட்டுள்ளது. கணிப்பொறிகள் செய்வதும் ஏறத்தாழ இதுவே. ஆண்டிற்கு ஒரு முறை நடந்தது விநாடிக்குப் பல முறை நடக்கிறது. மேற்கூறிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் கணக்கு பிறழும் என்பதில் மட்டும் மாற்றமில்லை.

நாள்வழியும் பேரேடும்

பொறிகளை ஒத்திசைக்கும் எளிய முறை, ஒன்றைத் தலைமைப் பொறியாகவும் மற்றவற்றைத் துணைப் பொறிகளாகவும் அமைப்பதாகும். மாற்றங்கள் யாவும் தலைமைப் பொறியில் மட்டுமே எழுதப்படும். துணைப் பொறிகள் அதைப் பார்த்துத் தம்மிடமும் எழுதிக்கொள்ளும்.

இதற்காக முழுப் பேரேட்டையும் ஒவ்வொரு முறையும் படியெடுப்பதில்லை. கடை நடத்துவோர் நாள்வழி எழுதிப் பின்னர் அதிலிருந்து பேரேட்டில் ஏற்றுவதுபோல, தலைமைப் பொறியும் நேரும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசை எண்ணிட்டு ஒரு நாள்வழியில் எழுதுகிறது. துணைப் பொறிக்கு அனுப்பப்படுவது அந்த நாள்வழியே. துணைப் பொறி, தான் 4,112 ஆம் எண் வரை ஏற்றியுள்ளதாகக் குறித்துவைத்துக்கொள்கிறது. இணைப்பு அறுந்து இரண்டு மணி நேரம் கழித்து மீண்டால், 4,113 முதல் அனுப்புக என்று கேட்கிறது. விடுபட்டது எதுவும் இல்லாமல் கணக்கு சேர்ந்துவிடுகிறது.

இங்கு வரிசை மிக முக்கியம். முதலாமவர் ஒரு நிலத்தை இரண்டாமவருக்கு விற்கிறார். சில நாள் கழித்து இரண்டாமவர் அதை மூன்றாமவருக்கு விற்கிறார். இவ்விரு செய்திகளும் முன்பின்னாகப் போய்ச் சேர்ந்து, அவ்வாறே ஏற்றப்பட்டால், விற்றுவிட்டவர் பெயரிலேயே நிலம் மீண்டும் நின்றுவிடும். இரு பதிவும் உண்மையானவை. ஆயினும் கணக்கு பொய்யாகிறது. ஆதலாலேயே வரிசை எண் இன்றியமையாததாகிறது.

மற்றொரு பயனும் இதனால் உண்டு. துணைப் பொறி ஒரு பதிவைப் பெற்றுக்கொண்டு, "பெற்றோம்" என்று மறுமொழி அனுப்புகிறது. அம்மறுமொழி வழியில் தொலைந்துபோனால், தலைமைப் பொறி அதே பதிவை மீண்டும் அனுப்பும். எண் இல்லையேல், ஒரு முறை செலுத்திய 500 ரூபாய் இரு முறை வரவாகிவிடும். எண் இருப்பதால், "இது முன்னமே ஏற்றப்பட்டது" என்று அறிந்து துணைப் பொறி அதை விட்டுவிடுகிறது. இணையவழியில் வீட்டு வரி செலுத்துவோர், பணம் வங்கியில் கழிந்தும் இரசீது வரவில்லையெனில் பதற்றத்தில் உடனே மறுபடி செலுத்தாமல், பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு முதலில் நிலையை விசாரித்தல் நன்று என்பதற்குக் காரணமும் இதுவே. இரண்டாம் முறை செலுத்துவது புதிய எண்ணைப் பெற்றுவிடுமாகையால், பொறி அதைத் தனி வரவாகவே கொள்ளும்.

காத்திருப்பதா, தொடர்ந்து செல்வதா?

தலைமைப் பொறி ஒரு பதிவை எழுதியவுடனே மக்களுக்கு "முடிந்தது" என்று கூறிவிடலாம். அல்லது துணைப் பொறியும் எழுதி முடித்ததாக மறுமொழி வரும்வரை காத்திருந்து பின்னர்க் கூறலாம். முதல் முறையில் வேகம் உண்டு. ஆனால் கூறிய மறுகணமே தலைமைப் பொறி பழுதானால், அக்கடைசிப் பதிவுகள் துணைப் பொறியில் இரா. இரண்டாம் முறையில் பதிவு காப்பாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் தாமதம் ஏற்படும்.

இத்தாமதம் இயற்கையாலேயே விதிக்கப்பட்டது. ஒளியிழையினுள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சென்னைக்கும் தில்லிக்கும் நேர் தொலைவு சுமார் 1,750 கிலோமீட்டர். செய்தி சென்று மறுமொழி திரும்ப, எவ்வளவு சிறந்த கருவியாயினும், விநாடியில் அறுபதில் ஒரு பங்கு அளவாவது ஆகும். ஒரு பதிவிற்கு இது பெரிதன்று. ஒன்றையடுத்து ஒன்றாக ஆயிரக்கணக்கான பதிவுகளுக்குக் காத்திருக்கும்பொழுது அது பெரிதாகிறது. ஆகவே எந்தப் பதிவிற்குக் காத்திருப்பது, எதற்குக் காத்திராமல் செல்வது என்று பிரித்தறிந்து அமைக்கவேண்டும்.

இரு இடங்களில் எழுதினால்

ஓருறையில் இரு வாள் இராது என்பர். ஒரே பதிவை இரு பொறிகள் ஒன்றையொன்று அறியாமல் திருத்தத் தொடங்கும்பொழுதே உண்மையான இடர் பிறக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். ஒரு குடும்ப அட்டைக்கு அம்மாதத்தில் 12 கிலோ அரிசி மீதமுள்ளது. அவ்வட்டையைக் கொண்டு ஒரு கருவியில் 5 கிலோவும், வேறிடத்துக் கருவியில் 4 கிலோவும், இரண்டும் தலைமையிடத்தோடு தொடர்பற்றிருக்கும் வேளையில் பெறப்படுவதாகக் கொள்வோம். முதற் கருவி "மீதம் 7" என்று எழுதுகிறது. இரண்டாவது "மீதம் 8" என்று எழுதுகிறது. தொடர்பு மீண்டதும் இவ்விரண்டில் எதை ஏற்பது? எதை ஏற்றாலும் தவறே. உண்மையான மீதம் 3 கிலோ.

இதற்குத் தீர்வு யாதெனில், மீதத்தை அனுப்பாமல் நிகழ்ச்சியை அனுப்புவதாகும். "5 கிலோ வழங்கினோம்", "4 கிலோ வழங்கினோம்" என்று இரு கருவிகளும் அனுப்பினால், தலைமைப் பொறி இரண்டையும் கழித்து 3 என்று காணும். எது முன் வந்தாலும் விடை மாறாது. கூட்டலும் கழித்தலுமாக அமையும் கணக்குகளுக்கு இம்முறை பெரிதும் பொருந்தும். ஊராட்சிக் கணக்கிலும் இருப்பை மட்டும் எழுதாமல் வரவையும் செலவையும் தனித்தனியே எழுதுவதன் பெருமை இதனால் விளங்கும்.

நிற்க. எல்லாப் பதிவும் கூட்டிக் கழிக்கத் தக்கதன்று. நில உரிமையாளர் பெயரை ஓரிடத்தில் ஒருவராகவும் வேறிடத்தில் மற்றொருவராகவும் எழுதினால், இரண்டையும் கூட்ட இயலுமா? இதற்குச் சிலர் "எது கடைசியாக எழுதப்பட்டதோ அதுவே செல்லும்" என்று விதி வகுப்பர். பார்வைக்கு நியாயமாகத் தோன்றும் இவ்விதியில் ஒரு குறை உள்ளது. எது கடைசி என்பதைக் கூறுவது பொறியின் கடிகாரம். ஒரு பொறியின் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடினால், அதில் எழுதப்பட்ட பழைய பதிவு, மற்றதில் பின்னர் எழுதப்பட்ட திருத்தத்தை அழித்துவிடும். அழிந்தது யாருக்கும் தெரியவும் தெரியாது.

இதனை ஆராய்ந்த லெஸ்லி லாம்போர்ட் என்னும் அமெரிக்க அறிஞர், 1978 இல் வெளியிட்ட கட்டுரையில், கடிகாரத்தை நம்பாமலே நிகழ்ச்சிகளுக்கு முன்பின் வரிசை காணும் வழியைக் காட்டினார். ஒவ்வொரு பொறியும் ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, தான் செய்யும் செயலுக்கெல்லாம் அதை ஒன்று கூட்டிக்கொள்ளும். பிறரிடமிருந்து செய்தி வந்தால், வந்த எண்ணைவிடப் பெரிதாகத் தன் எண்ணை உயர்த்திக்கொள்ளும். இதனால், ஒன்றைக் கண்டபின் எழுதப்பட்டது எதுவாயினும் அதைவிடப் பெரிய எண்ணையே பெறும். இக்கருத்திலிருந்து வளர்ந்த முறைகளைக் கொண்டு, இரு திருத்தங்கள் ஒன்றையொன்று அறிந்து செய்யப்பட்டனவா, அறியாமல் செய்யப்பட்டனவா என்பதையும் பொறிகள் இன்று கண்டுகொள்கின்றன. அறியாமல் செய்யப்பட்டவையெனில், ஒன்றை மறைவாக அழிப்பதைவிட இரண்டையும் வைத்திருந்து பொறுப்பானவரிடம் காட்டுவதே நேர்மையான முறை.

சேர்த்துவைப்பதிலும் ஒரு பிழை நேரக்கூடும். அமேசான் நிறுவனத்தார் டைனமோ என்னும் தமது தரவுத்தளத்தைப் பற்றி 2007 இல் வெளியிட்ட கட்டுரையில், வாங்குவோரின் கூடையில் உள்ள பொருள்கள் இரு பொறிகளில் வேறுபட்டால் இரண்டையும் சேர்த்துவிடும் முறையை விவரித்தனர். இம்முறையில் கூடையில் இட்ட பொருள் எதுவும் தொலைவதில்லை. ஆனால் வேண்டாமென்று நீக்கிய பொருள் மீண்டும் தோன்றுவதுண்டு என்று அவர்களே எழுதியுள்ளனர். கூடையில் மீண்டும் தோன்றும் பொருளை வாங்குபவர் எடுத்துவிடலாம். இறந்தவர் பெயர் பயனாளர் பட்டியலில் மீண்டும் தோன்றினால் அது எளிய காரியமன்று. ஆகவே நீக்கலையும் ஒரு பதிவாகவே எழுதவேண்டும். பெயரை அழித்துவிடுவது போதாது. "இன்ன நாளில் நீக்கப்பட்டது" என்ற குறிப்பு நிற்கவேண்டும்.

பெரும்பான்மையின் வலிமை

தலைமைப் பொறியே பழுதானால் என்ன செய்வது? துணைப் பொறிகளுள் ஒன்று தலைமையேற்க வேண்டும். ஆனால் தலைமைப் பொறி உண்மையில் பழுதாகாமல், இடையிலுள்ள இணைப்பு மட்டும் அறுந்திருந்தால், பழைய தலைமையும் புதிய தலைமையுமாக இரண்டு எழுதத் தொடங்கும். இதைத் தடுப்பது பெரும்பான்மை விதி.

ஐந்து பொறிகள் இருப்பின், அவற்றுள் மூன்று உடன்பட்டாலன்றித் தலைமை தேர்ந்தெடுக்கப்படுவதும் இல்லை, பதிவு முடிவாவதும் இல்லை. ஐந்தில் மூன்று கொண்ட கூட்டம் எதை எடுத்தாலும், அத்தகைய இரு கூட்டங்களில் ஒருவரேனும் பொதுவாக இருப்பார். முன் கூட்டத்தில் நடந்ததை அவர் பின் கூட்டத்திற்கு எடுத்துரைப்பார். ஆகவே ஒன்றற்கொன்று மாறான இரு தீர்மானங்கள் நிறைவேற இடமில்லை. இணைப்பு அறுந்து மூவர் ஒருபுறமும் இருவர் ஒருபுறமும் பிரிந்தால், மூவர் உள்ள பக்கமே தீர்மானம் செய்யும், இருவர் காத்திருப்பர்.

இதனை லாம்போர்ட், பாக்ஸோஸ் என்னும் கிரேக்கத் தீவின் மன்றம் ஒன்றைக் கற்பித்து, உறுப்பினர்கள் வருவதும் போவதுமாக இருந்தும் அம்மன்றம் முரண்பாடின்றிச் சட்டம் இயற்றியதாகக் கதைபோல எழுதினார். அக்கட்டுரை 1998 இல் வெளிவந்தது. அதை விளங்கிக்கொள்வது கடினமென்று பலர் கூறியமையால், டியகோ ஓங்காரோ, ஜான் ஔஸ்டர்ஹவுட் என்னும் இருவர் 2014 இல் ராஃப்ட் என்னும் எளிய முறையை வெளியிட்டனர். குறைவெண் இன்றிக் கூட்டம் செல்லாது என்ற விதியை அறிந்த ஊராட்சி உறுப்பினர்களுக்கு இம்முறையின் நியாயம் விளங்காமற் போகாது.

நாற்பத்து மூன்று விநாடியின் விலை

இவ்விதிகள் எல்லாம் இருந்தும் சிறு இடைவெளி எவ்வளவு துன்பம் தரும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறலாம். உலகெங்கும் மென்பொருள் எழுதுவோரின் ஆக்கங்களைக் காத்துவரும் கிட்ஹப் என்னும் அமெரிக்க நிறுவனத்தில், 2018 அக்டோபர் 21 அன்று, பழுதுபட்ட ஒளியிழைக் கருவி ஒன்றை மாற்றுகையில், கிழக்குக் கரையிலுள்ள முதன்மை நிலையத்தின் இணைப்பு அறுந்தது. 43 விநாடிகளில் அது மீண்டும் சேர்ந்தது.

அதற்குள், பொறிகளை நிருவகிக்கும் மென்பொருள், பெரும்பான்மை விதிப்படி மேற்குக் கரையிலுள்ள பொறிகளுக்குத் தலைமையைக் கொடுத்துவிட்டது. தேர்தல் முறையாகவே நடந்தது. ஆனால் கிழக்கில் கடைசியாக எழுதப்பட்ட சில விநாடிப் பதிவுகள் மேற்கிற்கு இன்னும் சென்றிருக்கவில்லை. மேற்கில் புதிய பதிவுகள் எழுதப்படத் தொடங்கின. இணைப்பு மீண்டபொழுது, ஒவ்வொரு கரையிலும் மற்றதில் இல்லாத பதிவுகள் இருந்தன. வேலை மிகுந்த தொகுதி ஒன்றில் மட்டும் அத்தகையவை 954. அந்நிறுவனத்தார், விரைவைவிடப் பதிவுகளின் காப்பே பெரிது என்று தீர்மானித்து, காப்புப் படிகளிலிருந்து பொறிகளை மீட்டு ஒழுங்குபடுத்தினர். அதுவரை 24 மணி 11 நிமிடம் சேவை குறைவுற்றிருந்தது. இவ்விவரங்களை அவர்களே பின்னர் வெளியிட்டனர்.

43 விநாடித் தொடர்பின்மை ஒரு நாள் வேலையாயிற்று. தொடர்பு அறுந்ததனால் மட்டும் இது நேரவில்லை. அறுந்திருந்தபொழுது இரு பக்கமும் எழுதப்பட்டதனால் நேர்ந்தது.

எரிக் புரூவர் என்பவர் 2000 ஆம் ஆண்டில் கூறி, சேத் கில்பர்ட், நான்சி லிஞ்சு ஆகியோர் 2002 இல் கணித முறைப்படி நிறுவிய கருத்து ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. இணைப்பு அறுந்த நேரத்தில், கணக்கு பிறழாமல் இருப்பது, எல்லாப் பொறிகளும் தடையின்றி வேலை செய்வது ஆகிய இரண்டில் ஒன்றைத்தான் பெறமுடியும். இரண்டையும் தரவல்ல கருவி எதுவும் இல்லை. ஆகவே எதை விடுவது என்பது பொறியின் தீர்மானம் அன்று, மக்களின் தீர்மானம். பசித்தவருக்கு அரிசி வழங்குவதில், பின்னர்க் கணக்கை நேர் செய்துகொள்ளலாம் என்று தொடர்ந்து செல்வது பொருந்தும். நில உரிமை மாற்றத்திலோ காத்திருப்பதே பொருந்தும்.

பத்திரமும் பட்டாவும்

நமது மாநிலத்தில் உழவர்களை இப்பொருள் நேரே தொடும் இடம், பத்திரமும் பட்டாவும் ஆகும். நிலம் விற்கப்பட்டதைப் பதிவுத் துறை தன் தரவுத்தளத்தில் எழுதுகிறது. பட்டாவை வருவாய்த் துறை தமிழ் நிலம் என்னும் தரவுத்தளத்தில் வைத்துள்ளது. இவை ஒன்றன் படியாக மற்றொன்று அமைந்தவையல்ல. தனித்தனி நோக்கம் உடைய இரு கணக்குகள். ஆயினும் ஒரே நிலத்தைப் பற்றியவை ஆதலின், ஒத்துச் செல்லவேண்டியவை.

பதிவுத் துறையில் 2018 இல் ஸ்டார் 2.0 என்னும் மென்பொருள் நடைமுறைக்கு வந்தது. இரு துறைகளின் கணக்குகளும் இணைக்கப்பட்டமையால், பத்திரம் பதிவானதும் பட்டா மாறுதலுக்கான விவரம் இணையவழியே வருவாய்த் துறைக்குச் செல்கிறது. விற்பவர் பெயரிலேயே பட்டா இருந்து, உட்பிரிவு தேவைப்படாத நேர்வுகளில், பட்டா தானாக மாறவும் வழி செய்யப்பட்டுள்ளது. உட்பிரிவு வேண்டுமாயின் நில அளவர் வந்து அளந்த பின்னரே மாறும்.

இதில் எங்குத் தடை ஏற்படுகிறது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். காலஞ்சென்ற பாட்டனார் பெயரிலேயே பட்டா நிற்கிறது. பேரன் நிலத்தை விற்கிறார். பதிவுத் துறையிலிருந்து வரும் செய்தி பேரனை விற்பவர் என்கிறது. வருவாய்த் துறைக் கணக்கோ பாட்டனாரை உரிமையாளர் என்கிறது. இரு பதிவும் பொருந்தாமையால் பொறி தானாக முடிவு செய்யலாகாது. செய்யாமல் நிறுத்துவதே முறை. வாரிசுச் சான்று முதலியவற்றைப் பார்த்து அலுவலர் ஆணையிட வேண்டியதாகிறது. அதுவரை வாங்கியவர் கையில் பத்திரம் இருக்கும். பட்டா வேறு பெயரில் இருக்கும். பயிர்க் கடனுக்கோ, பயிர்க் காப்பீட்டிற்கோ, இழப்பீட்டிற்கோ அவர் செல்லும்பொழுது அவ்வேறுபாடு குறுக்கே நிற்கும். வாரிசுகள் காலத்தே பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்வதே இதற்கு மருந்து.

ஒப்பிடுதல் எளிது

இலட்சம் பதிவுகளைக் கொண்ட இரு படிகளில் எங்கே வேறுபாடு என்பதைப் பொறிகள் எவ்வாறு கண்டுபிடிக்கின்றன என்பதும் அறியத்தக்கது. எல்லாப் பதிவுகளையும் கொண்டு ஒரு சிறு சரிபார்ப்பு எண் கணிக்கப்படுகிறது. இரு பொறிகளும் தத்தம் எண்ணைக் கூறுகின்றன. ஒத்திருந்தால் வேலை முடிந்தது. வேறுபட்டால், பதிவுகளை இரு பாதியாக்கி ஒவ்வொரு பாதிக்கும் எண்ணை ஒப்பிடுகின்றன. வேறுபடும் பாதியை மேலும் பாதியாக்குகின்றன. இவ்வாறு சென்றால், ஒரு இலட்சம் பதிவுகளுள் பிறழ்ந்த ஒன்றைப் 17 படிகளில் கண்டுவிடலாம். பக்கவாரிக் கூட்டுத்தொகையைக் கொண்டு கணக்குப்பிள்ளைகள் தவறிய வரியைத் தேடிய முறைக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே.

நாம் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து ஊராட்சிகளும் விவசாயிகளும் கடைப்பிடிக்கத்தக்கவை சில உள்ளன.

1. எந்தப் பதிவிற்கு எது தலைமை என்பதை அறிந்திருக்கவேண்டும். பெயரில் எழுத்துப் பிழை இருப்பின், கையிலுள்ள படியில் திருத்திப் பயனில்லை. தலைமைப் பதிவில் திருத்தப்படவேண்டும். அங்குத் திருத்தினால்தான் பிற படிகளுக்கும் அது செல்லும்.

2. ஊராட்சி அலுவலகக் கணிப்பொறியில் ஒரு கணக்கும், தனிக் குறிப்பேட்டில் மற்றொரு கணக்குமாக ஒரே காரியத்திற்கு இரண்டை வளர்க்கலாகாது. இணைப்பு இல்லாத நாளில் ஏட்டில் எழுதவேண்டியிருப்பின், வரிசை எண்ணும் நாளும் இட்டு எழுதி, இணைப்பு வந்தவுடன் அவ்வரிசையிலேயே ஏற்றி, ஏற்றியதற்கு அடையாளமும் இடவேண்டும்.

3. விண்ணப்ப எண், இரசீது எண், பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் காத்துவைத்தல் வேண்டும். இரு கணக்குகள் முரணும்பொழுது உண்மையைத் தேடிக் காண உதவும் கைப்பிடி அந்த எண்ணே.

4. நிலம் வாங்கியோர், பத்திரப் பதிவோடு வேலை முடிந்ததென்று கருதாமல், பட்டா, சிட்டாவை இணையத்திலோ இ-சேவை மையத்திலோ பார்த்து, பெயர், புல எண், பரப்பு மூன்றையும் பத்திரத்தோடு ஒப்பிடவேண்டும். வேறுபாடு கண்டால் அப்பொழுதே விண்ணப்பிக்கவேண்டும். காலம் செல்லச் செல்லச் சாட்சிகளும் ஆவணங்களும் அரிதாகும்.

5. நியாயவிலைக் கடையில் பொருள் பெற்றதும் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியை, பெற்ற பொருளோடு ஒப்பிடவேண்டும். எழுதப் படிக்க இயலாத முதியோருக்கு உறுப்பினர்களும் இளைஞர்களும் இதில் துணை நிற்கலாம்.

6. காப்புப் படி இருக்கிறது என்ற சொல்லோடு நின்றுவிடாமல், அதிலிருந்து ஒரு பதிவையேனும் மீட்டுப் பார்த்து உறுதி செய்தல் வேண்டும். படி எடுத்தும் மீட்க இயலாவிடில் அது காப்பாகாது. மேலும், துணைப் பொறி காப்புப் படிக்கு ஈடாகாது. தலைமையில் தவறுதலாக அழிக்கப்பட்டது துணையிலும் அப்பொழுதே அழிந்துவிடும் அன்றோ? பழைய நிலையைத் தனியே எடுத்துவைத்திருப்பதே காப்பு.

பொறிகள் தம் கடமையை விரைவாகச் செய்கின்றன. ஆயினும், எது தலைமை, எது படி, முரண்பட்டால் யார் முடிவு செய்வது என்ற மூன்றையும் வகுத்துக் கொடுப்பது மனிதரின் பொறுப்பு. ஊராட்சி உறுப்பினர்கள் தம் ஊரில் பத்திரமும் பட்டாவும் வேறுபட்டு நிற்கும் நிலங்களைப் பட்டியலிட்டு, அடுத்த ஜமாபந்திக்குள் உரியவர்கள் விண்ணப்பிக்குமாறு செய்வார்களாயின், அது உழவர் பலருக்குக் கடன் பெறும் நாளில் உண்டாகும் அலைச்சலைப் போக்கும் நற்பணியாக அமையும்.